யார் வைத்த எண்?

1991 செப்டம்பரில் லினஸ் டோர்வால்ட்ஸ் வெளியிட்ட லினக்ஸ் 0.01-இன் மூலநிரலில் ‘கான்ஃபிக்’ என்ற பெயரில் ஒரு சின்னக் கோப்பு உண்டு. திறந்து பார்த்தால் அதில் இரண்டே இரண்டு கணினிகளின் விவரம்தான் இருக்கும். ஒன்றின் பெயர் ‘லினஸ்_ஹெச்டி’, மற்றதன் பெயர் ‘லாசு_ஹெச்டி’. முதலாவது லினஸின் சொந்தக் கணினி: 8 மெகாபைட் நினைவகம், கோப்புகள் இருப்பது இரண்டாவது வன்தட்டின் முதல் பிரிவில். அடுத்தது அவருடைய ஹெல்சின்கி பல்கலைக்கழக நண்பர் லார்ஸ் விர்சேனியஸுடையது: 4 மெகாபைட், முதல் வன்தட்டின் இரண்டாவது பிரிவு. உலகத்தில் லினக்ஸ் ஓடப்போகிற கணினிகள் இந்த இரண்டும்தான் என்பதுபோல இருக்கும் அந்தக் கோப்பு. மூன்றாவதாக ஒருவர் ஓட்டிப் பார்க்க ஆசைப்பட்டால், கோப்பில் தன் கணினியின் விவரத்தை எழுதி, முழுக் கெர்னலையும் மறுபடி கம்பைல் செய்ய வேண்டும். விசைப்பலகையும் ஃபின்லாந்து விசைப்பலகைதான்.

இன்று அதே கெர்னல் உங்கள் ஆண்ட்ராய்டு போனில் ஓடுகிறது. வீட்டு வைஃபை ரவுட்டரில் ஓடுகிறது. 2017 நவம்பரிலிருந்து உலகின் முதல் 500 சூப்பர் கம்ப்யூட்டர்களின் பட்டியலில் இருக்கும் அத்தனையிலும் அதுவே ஓடுகிறது. வன்பொருளுக்கும் மற்ற எல்லா நிரல்களுக்கும் நடுவே உட்கார்ந்து, யாருக்கு எவ்வளவு நினைவகம், யாருக்கு எப்போது பிராசஸர், எந்தப் பாக்கெட் எந்த வழியே போக வேண்டும் என்று பங்கு பிரிப்பது கெர்னலின் வேலை. பங்கு பிரிக்க எண்கள் வேண்டும். ஒரே நேரத்தில் எத்தனை புராசஸ்? நினைவகம் நிரம்பும்போது எதை முதலில் வெளியே தள்ளுவது? வந்து காத்திருக்கும் இணைப்புகளின் வரிசை எவ்வளவு நீளலாம்? கெர்னலை எழுதுகிறவருக்கு அது எந்தக் கணினியில் போய் உட்காரும் என்பது தெரியாது. ஆனாலும் ஏதோ ஒரு எண்ணை வைத்தாக வேண்டும். அப்படி வைத்த எண்ணுக்குத்தான் இயல்பு மதிப்பு என்று பெயர். பெயரில் இயல்பு இருக்கிறதே தவிர, இந்த எண்களில் பலவும் யாரோ ஒருவர், ஏதோ ஒரு காரணத்துக்காக, தன் கண்முன் இல்லாத ஒரு கணினிக்காகப் போட்ட ஊகம். இந்த அத்தியாயம் அந்த ஊகங்களைப் பற்றியது. கணினி கண் விழிக்கும் அந்தச் சில நொடிகளில் அவற்றை யார் யார் எந்த வரிசையில் மாற்றுகிறார்கள் என்பதைப் பற்றியது.

கம்பைல் செய்யாமலே மாற்றுவதற்கு முதலில் கிடைத்த வழி கொஞ்சம் முரட்டுத்தனமானது. கணினி முதலில் படிக்கும் பூட் செக்டர் மொத்தம் 512 பைட். கடைசி இரண்டு பைட், இது பூட் செக்டர்தான் என்று சொல்லும் முத்திரை. அதற்குச் சற்று முன்னால், 508, 509 ஆகிய இடங்களில், கோப்புகள் எந்த வன்தட்டில் இருக்கின்றன என்ற எண்ணை வைத்தார்கள். 506-இல் திரையின் எழுத்து முறை. ‘ஆர்டெவ்’ என்றொரு சிறு கருவி, கம்பைல் ஆகி முடிந்த கெர்னல் கோப்பைத் திறந்து அந்தக் குறிப்பிட்ட பைட்டுகளில் மட்டும் புது எண்ணை எழுதிவிட்டு மூடும். உள்ளே வேறெதையும் தொடாது. இரண்டு பைட்டில் எவ்வளவுதான் சொல்ல முடியும்? கேட்க வேண்டிய கேள்விகள் பெருகியபோது, கெர்னலை ஏற்றிவிடும் பூட்லோடரே ஒரு வரியையும் சேர்த்துக் கையில் கொடுத்தனுப்பும் வழக்கம் வந்தது. அதற்குக் கெர்னல் கமாண்ட் லைன் என்று பெயர். முன்பு லிலோ, இப்போது பெரும்பாலும் கிரப் அந்த வேலையைச் செய்கிறது.

அந்த வரியைப் பார்ப்பது சுலபம். ஓடிக்கொண்டிருக்கும் லினக்ஸில் ப்ராக் அடைவுக்குள் ‘சிஎம்டிலைன்’ என்ற கோப்பைப் படித்தால் போதும். உபுண்டு கணினி என்றால் கெர்னல் கோப்பின் பெயர், வன்தட்டுப் பிரிவின் நீளமான அடையாள எண், பிறகு ‘ஆர்ஓ க்வயட் ஸ்ப்ளாஷ்’ என்று மூன்று சொற்கள் இருக்கும். ‘க்வயட்’ என்றால் திரையில் வரிவரியாகச் செய்தி ஓட்டாதே. ‘ஸ்ப்ளாஷ்’ என்றால் அதற்குப் பதிலாகப் படம் காட்டு. இரண்டும் பயனர் மிரளாமல் இருக்கச் செய்த அலங்காரம். முக்கியமானது ‘ஆர்ஓ’தான். கோப்பு அமைப்பை முதலில் படிக்க மட்டும் திற, எழுதாதே என்று அர்த்தம். முந்தின நாள் மின்சாரம் போய்க் கோப்பு அமைப்பு குலைந்திருந்தால், அதன்மேல் எழுதத் தொடங்கும் முன்பே சோதித்துச் சரிசெய்ய ஒரு வாய்ப்பு வேண்டுமே. சோதனை முடிந்த பிறகே எழுத அனுமதி வரும்.

சில முடிவுகளை இந்த வரியில் சொன்னால்தான் உண்டு, பிறகு சொன்னால் பலிக்காது. கெர்னல் விழுந்துவிட்டால் என்ன நடந்தது என்று பதிவு செய்வதற்காக இன்னொரு கெர்னலைத் தயாராக வைத்திருப்பார்கள். அதற்கு நினைவகத்தில் ஓர் இடத்தை ஒதுக்க வேண்டும். ‘கிராஷ்கெர்னல்’ என்ற சொல்லுக்குப் பின்னால் அளவைக் குறிப்பிட்டால், வேறு யாரும் கைவைக்கும் முன்பே கெர்னல் அந்தப் பகுதியைத் தனியே எடுத்து வைத்துவிடும். பத்து நிமிடம் கழித்துக் கேட்டால் அந்த இடமெல்லாம் சில்லறையாகப் பங்கு போயிருக்கும். 2018 ஜனவரியில் மெல்ட்டவுன், ஸ்பெக்டர் என்ற பிராசஸர் ஓட்டைகள் வெளியானபோதும் இதே நிலைமைதான். ஓட்டையை அடைக்கக் கெர்னல் போட்ட தடுப்புகள் வேகத்தைக் குறைத்தன. வெளியாட்கள் யாரும் நுழையாத கணினிக்கு இந்தத் தண்டம் எதற்கு என்று கேட்டவர்களுக்காக, 2019-இல் வந்த 5.2 பதிப்பில் ‘மிட்டிகேஷன்ஸ்=ஆஃப்’ என்று ஒரே சொல்லில் பெரும்பாலான தடுப்புகளையும் நீக்க வழி செய்தார்கள். கெர்னல் தன் நிரலை நினைவகத்தில் அடுக்கும்போதே தெரிய வேண்டிய முடிவு அது.

கமாண்ட் லைனில் ஒரு வம்பும் உண்டு. அது கெர்னலுக்கு மட்டும் சொந்தமான வரி இல்லை. கெர்னலுக்குப் பிறகு முதலில் எழும் சிஸ்டம்-டியும் அதே வரியைப் படிக்கிறது. ‘டீபக்’ என்று ஒரு சொல்லைச் சேர்த்தால் கெர்னல் விரிவாகப் பேசத் தொடங்கும். 2014-இல் சிஸ்டம்-டியும் அதே சொல்லைக் கேட்டுப் பேசத் தொடங்கி, செய்திகளைக் கொட்டிக் கணினியை எழ விடாமலே செய்தது. கெர்னல்காரர்கள் கொதித்துப் போனார்கள். அந்தச் சொல்லைச் சிஸ்டம்-டியின் கண்ணில் படாமல் மறைக்க ஒரு திருத்தம்கூட முன்வைக்கப்பட்டது. பாதி கேலி, பாதி நிஜம். பொதுவான ஒரு பலகையில் எழுதினால் எல்லோரும்தான் படிப்பார்கள்.

எல்லாவற்றையும் கணினியை அணைத்து எழுப்பித்தான் மாற்ற வேண்டும் என்றால் சர்வர்காரர்கள் பிழைக்க முடியாது. ஓடிக்கொண்டிருக்கும் கெர்னலின் எண்ணை ஓடும்போதே மாற்ற, 1993-இல் வந்த 4.4பிஎஸ்டி யூனிக்ஸ் ‘சிஸ்சிடிஎல்’ என்ற வசதியைக் கொண்டுவந்தது. லினக்ஸுக்கு வந்தபோது அது வேறு வடிவம் எடுத்தது: ப்ராக் அடைவுக்குள் ‘சிஸ்’ என்று ஓர் அடைவு, அதற்குள் ‘கெர்னல்’, ‘விஎம்’, ‘நெட்’, ‘எஃப்எஸ்’ என்று கிளைகள், அவற்றில் மொத்தம் நூற்றுக்கணக்கில் குட்டிக் கோப்புகள். ஒவ்வொரு கோப்பிலும் பெரும்பாலும் ஒரே ஓர் எண். அவை வன்தட்டில் எங்கும் இல்லை. படிக்கும்போது கெர்னல் அந்த நொடியில் தன்னிடம் இருக்கும் எண்ணைச் சொல்கிறது. எழுதினால் அந்த நொடியே அந்த எண்ணுக்கு மாறிக்கொள்கிறது. கல்யாணப் பந்தியில் சமையல்காரர் ஊருக்கெல்லாம் பொதுவாக ஓர் உப்பைப் போட்டிருப்பார். ஆனாலும் இலை ஓரத்தில் கொஞ்சம் உப்பு வைத்துவிட்டுப் போவார்கள். ‘சிஸ்’ அடைவு அந்த இலை ஓரத்து உப்பு.

எடுத்துக்காட்டாக, ஒரு சாதாரண லினக்ஸ் கணினியில் இரண்டு நெட்வொர்க் கார்டு இருந்தாலும், ஒன்றில் வரும் அடுத்தவருடைய பாக்கெட்டை மற்றதன் வழியே அனுப்பி வைக்காது. ‘நெட்.ஐபிவி4.ஐபி_ஃபார்வர்ட்’ என்ற எண் 0 என்பதே காரணம். 1 என்று எழுதிய மறுகணம் அந்தக் கணினி ஒரு ரவுட்டர். வேறெதுவும் நிறுவ வேண்டாம். உங்கள் போனில் ஹாட்ஸ்பாட் பொத்தானைத் தட்டும்போதும் அடியில் பாக்கெட்டை அனுப்பி வைக்கும் இதே வேலை தொடங்குகிறது.

ஆனால் மின்சாரம் போனால் எல்லாம் போச்சு. எண் இருந்தது நினைவகத்தில். மறுபடி எழும் கெர்னலுக்குத் தன் பழைய பிறவி ஞாபகம் இல்லை. கம்பைல் செய்தவர் வைத்த ஊகத்தோடுதான் எழும். ஆகவே ஒவ்வொரு முறை எழும்போதும் யாராவது அருகில் நின்று, இந்தக் கணினிக்கு இது இது என்று ஓத வேண்டும். முன்பெல்லாம் இதற்கு எட்சி அடைவில் ‘சிஸ்சிடிஎல்.கான்ஃப்’ என்று ஒரே ஒரு கோப்பு இருந்தது. வரிக்கு ஒரு பெயர், ஒரு சமக்குறி, ஓர் எண். ஆண்ட்ராய்டில் இதே வேலையைச் செய்வது ‘இனிட்.ஆர்சி’ என்ற கோப்பு. போன் எழும்போது நினைவகம் ஒதுக்கும் கொள்கைக்கான ‘ஓவர்கமிட்_மெமரி’ என்ற எண்ணில் 1 என்று எழுது என்பது அதில் உள்ள ஒரு வரி. அதாவது, கேட்கிறவர்களுக்கெல்லாம் நினைவகம் தருவதாகத் தலையாட்டு, உண்மையில் பயன்படுத்தும்போது பார்த்துக்கொள்ளலாம். கெர்னலின் சொந்த இயல்பு மதிப்பு 0. கேட்பது ரொம்ப அநியாயமாக இருந்தால் மறுத்துவிடும்.

ஒற்றைக் கோப்பு ரொம்ப நாள் தாக்குப்பிடிக்கவில்லை. எண்ணை மாற்ற விரும்புகிறவர்கள் பலர். லினக்ஸைப் பொட்டலம் கட்டித் தரும் டிஸ்ட்ரிபியூஷன்காரர் ஒருவர், டேட்டாபேஸ் நிரலை எழுதியவர் ஒருவர், கம்பெனியின் பாதுகாப்புக் குழு ஒன்று, கடைசியில் அந்தக் கணினியைக் கட்டி மேய்க்கும் சிஸ்டம் அட்மின். எல்லோரும் ஒரே கோப்பைத் திருத்தினால் யார் எழுதியதை யார் அழித்தார்கள் என்பதே தெரியாது. அதனால் ‘சிஸ்சிடிஎல்.டி’ என்று அடைவுகள் வந்தன. ஆளுக்கொரு கோப்பு. பொட்டலத்தோடு வருவது யுஎஸ்ஆர் அடைவின் லிப் கிளையில். தற்காலிகமானது ரன் அடைவில். அட்மின் எழுதுவது எட்சியில்.

இதில் பலரும் இடறும் இடம் ஒன்று உண்டு. எட்சியில் இருப்பதுதான் உயர்ந்தது, அதில் எழுதினால் வெல்லும் என்று நினைப்பார்கள். சிஸ்டம்-டி அப்படிப் பார்ப்பதில்லை. எல்லா அடைவுகளிலும் உள்ள கோப்புகளை ஒரே குவியலாகக் கொட்டி, பெயரை அகரவரிசையில் அடுக்கிப் படிக்கிறது. ஒரே எண்ணை இரண்டு கோப்புகள் குறிப்பிட்டால், பின்னால் வருவது நிற்கும். பெயர்களின் தொடக்கத்தில் 10, 50, 99 என்று எண்கள் இருப்பது இதற்காகத்தான். நீங்கள் எட்சியில் ‘20-எனது.கான்ஃப்’ என்று எழுதி, நினைவகத்தை வெளியே தள்ளும் ஆர்வத்தைக் குறிக்கும் ‘ஸ்வாப்பினஸ்’ எண்ணை 10 என்று வைக்கிறீர்கள் என்று கொள்வோம். நிறுவிய வேறொரு நிரல் லிப் கிளையில் ‘60-டேட்டா.கான்ஃப்’ என்ற கோப்பில் 1 என்று வைத்திருந்தால், எழுந்த கணினியில் இருப்பது 1. எந்தப் பிழைச்செய்தியும் வராது. இரண்டு கோப்புகளும் சரியாகவே படிக்கப்பட்டன. வரிசையில் பின்னால் நின்றவர் சொல் நின்றது. இடம் பார்த்து முன்னுரிமை கிடைப்பது ஒரே சந்தர்ப்பத்தில்: இரண்டு கோப்புகளுக்கும் பெயரே ஒன்றாக இருந்தால், எட்சியில் உள்ளது மற்றதை முழுவதுமாக மறைத்துவிடும். பொட்டலக்காரரின் கோப்பு வேண்டவே வேண்டாம் என்றால் அதே பெயரில் எட்சியில் ஒரு வெற்றுக் கோப்பு வைத்தால் போதும்.

பழைய ‘சிஸ்சிடிஎல்.கான்ஃப்’ என்ன ஆயிற்று? டெபியனில் ரொம்ப நாள் அதற்கு ‘99-சிஸ்சிடிஎல்.கான்ஃப்’ என்று ஓர் இணைப்பு வைத்து வரிசையின் கடைசியில் உட்கார வைத்திருந்தார்கள். 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13-இல் அந்த மரியாதையும் நின்றது. கணினி எழும்போது அந்தக் கோப்பைப் படிப்பதில்லை. பழைய சர்வரை மேம்படுத்தியவர் அதில் ஐபி_ஃபார்வர்ட் வரியை வைத்திருந்தார் என்றால், ரவுட்டர் ரவுட்டராக எழாது.

வரிசை சரியாக இருந்தும் காலம் தவறிப் போவது இன்னொரு வகை. குபெர்னெட்டீஸ் நிறுவியவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். கன்டெய்னர்களுக்கு நடுவே போகும் பாக்கெட்டுகளை ஃபயர்வால் பார்க்க வேண்டும் என்றால் ‘பிரிட்ஜ்-என்எஃப்-கால்-ஐபிடேபிள்ஸ்’ என்ற எண்ணை 1 ஆக்க வேண்டும். கோப்பில் எழுதிவைத்து, மறுபடி எழுப்பினால், அப்படி ஒரு கோப்போ அடைவோ இல்லை என்று பதில் வரும். நீங்கள் எழுத்துப்பிழை செய்யவில்லை. ‘பிஆர்_நெட்ஃபில்டர்’ என்ற மாட்யூல் கெர்னலில் ஏறினால்தான் அந்த எண்ணே பிறக்கிறது. பிறக்காத பிள்ளைக்குப் பெயர் வைக்கப் போன கதையாகிவிடும். எனவே ‘மாட்யூல்ஸ்-லோட்.டி’ அடைவில் அந்த மாட்யூலின் பெயரையும் எழுதிவைக்க வேண்டும்; சிஸ்டம்-டி மாட்யூல்களை ஏற்றிவிட்டுத்தான் எண்களுக்கு வரும். நெட்வொர்க் கார்டுகளிலும் இதே சிக்கல். யுஎஸ்பியில் செருகும் கார்டு கணினி எழுந்து அரை மணி நேரம் கழித்துக்கூட வரலாம். அதனால் புதிதாக ஒரு கார்டு தலைகாட்டும் ஒவ்வொரு முறையும், அதன் பெயரில் உள்ள வரிகளை மட்டும் மறுபடி ஓதச் சொல்லி ஒரு விதி இருக்கிறது. எதிர்ப்பக்கத்தில், கோப்பு படிக்கும்வரைகூடக் காத்திருக்க முடியாது என்பவர்களுக்காக, 2020-இல் வந்த 5.8 பதிப்பிலிருந்து இந்த எண்களையும் ‘சிஸ்சிடிஎல்’ என்ற முன்னொட்டோடு கமாண்ட் லைனிலேயே எழுதலாம்.

ஊகம் தப்பு என்று தெரிந்தால் கெர்னல்காரர்களே அதை மாற்றிவிடலாமே, எதற்கு இத்தனை கோப்பு? மாற்ற முடியாது என்பதே பெரும்பாலும் பதில். லினஸுக்கு ஒரு விதி உண்டு, அதில் அவர் விட்டுக்கொடுப்பதே இல்லை: நேற்றுவரை ஓடிய நிரல் இன்று கெர்னலால் உடையக் கூடாது. 2012-இல் இது வெளிப்படையாகத் தெரிந்தது. எல்லோரும் எழுதக்கூடிய டெம்ப் அடைவில் ஒருவர் சிம்லிங்க் ஒன்றைப் பொறியாக வைத்து, அதிகாரம் உள்ள வேறொரு நிரலை ஏமாற்றித் தன் வேலையைச் சாதித்துக்கொள்வது பல பத்தாண்டுப் பழைய தாக்குதல். கீஸ் குக் என்ற பாதுகாப்புப் பொறியாளர் அதைத் தடுக்கும் நிரலைக் கெர்னல் 3.6-இல் சேர்த்தார், ‘புரொடெக்டட்_சிம்லிங்க்ஸ்’ என்ற எண் இயல்பாகவே 1. வெளியான சில வாரங்களில், எங்கள் நிரல் ஓடவில்லை என்று புகார் வந்தது. லினஸ் அந்த அக்டோபரிலேயே எண்ணை 0 ஆக்கினார். பாதுகாப்பு நல்லதுதான், ஆனால் வேண்டியவர்கள் போட்டுக்கொள்ளட்டும் என்பது அவர் நிலை. அடுத்த ஆண்டே சிஸ்டம்-டி தன் ‘50-டீஃபால்ட்.கான்ஃப்’ கோப்பில் 1 என்று எழுதியது. இன்றும் அப்படித்தான். கெர்னலைக் கேட்டால் 0. அதே கெர்னல் ஒரு சாதாரண டிஸ்ட்ரிபியூஷனில் எழுந்த பிறகு 1.

இந்த ஏற்பாடு எனக்கு முதலில் கோழைத்தனமாகத் தோன்றியது உண்டு. யோசித்தால் இது நல்ல பொறியியல். கெர்னல் உலகத்துக்கெல்லாம் ஒன்று. உடைந்தால் எங்கே உடையும் என்று அதை எழுதுகிறவருக்குத் தெரியாது. தொடக்கக் கோப்பு டிஸ்ட்ரிபியூஷனுக்கு ஒன்று. உடைந்தால் திரும்பப் பெறுவது ஒரே வரி வேலை. 2014-இல் நெட்வொர்க் வரிசையிலும் இதுவே நடந்தது. ரவுட்டர்களும் கணினிகளும் பாக்கெட்டுகளை அளவுக்கு மீறிச் சேர்த்துவைத்துக்கொண்டு தாமதத்தை ஏற்படுத்தும் ‘பஃபர்புளோட்’ சிக்கலைப் பற்றி ஜிம் கெட்டிஸ் உரக்கப் பேசிவந்தார். கேத்லீன் நிக்கோல்ஸும் வான் ஜேக்கப்சனும் 2012-இல் அதற்கு ‘கோடெல்’ என்ற வழிமுறையைத் தந்தார்கள். எரிக் டுமாசெட் அதை மேலும் வளர்த்து லினக்ஸில் சேர்த்தார். கெர்னலோ பழைய வரிசை முறையையே இயல்பாக வைத்திருந்தது. புது முறையை லட்சக்கணக்கான கணினிகளுக்குக் கொண்டுசேர்த்தது சிஸ்டம்-டியின் தொடக்கக் கோப்பில் இருந்த ஒரு வரி.

சில எண்களின் பூர்வீகத்தைத் தோண்டினால் சுவையான சங்கதிகள் வரும். எனக்குப் பிடித்தது 65530. ஒரு புராசஸ் தன் நினைவகத்தை எத்தனை துண்டுகளாக வைத்துக்கொள்ளலாம் என்பதற்கான வரம்பு அது. ‘மேக்ஸ்_மேப்_கவுன்ட்’ என்று பெயர். ஏன் 65530, ஏன் வட்டமாக ஓர் எண் இல்லை? நிரல் விழும்போது அதன் நினைவகத்தைக் கோப்பாக எழுதிவைக்கும் கோர் டம்ப் வடிவத்தில், துண்டுகளின் எண்ணிக்கையைக் குறிக்க 16 பிட்தான் ஒதுக்கியிருந்தார்கள். அதில் எழுத முடிந்த மிகப் பெரிய எண் 65535. கெர்னல் தன் சொந்தத் தேவைக்கு 5 எடுத்துக்கொண்டது, மீதி 65530. ஓடுகிற நிரலுக்கு எவ்வளவு தேவை என்று யாரும் அளந்து வைத்த எண் அல்ல அது, செத்த நிரலின் பிரேதப் பரிசோதனைப் படிவத்தில் கட்டம் சின்னதாக இருந்ததால் வந்தது. பின்னாளில் அந்தப் படிவத்தை நீட்டிக்க வழி கண்டார்கள், எண் மட்டும் அப்படியே நின்றது. எலாஸ்டிக்சர்ச் என்ற தேடல் நிரல் 262144 இல்லாவிட்டால் முறையாக ஓடவே மறுக்கும். விண்டோஸ் கேம்களை லினக்ஸில் ஓட்டுகிறவர்கள் காரணமே புரியாமல் ஆட்டம் நடுவில் நின்றுபோவதைப் பார்த்தார்கள். 2023-இல் ஃபெடோரா 39 தன் தொடக்கக் கோப்பில் 1048576 ஆக்கியது; அடுத்த ஆண்டு உபுண்டுவும் ஆர்ச்சும் பின்தொடர்ந்தன. ஸ்டீம் டெக் கையடக்கக் கருவியில் இருப்பது 2147483642. 32 பிட்டில் எழுத முடிந்த மிகப் பெரிய நேர் எண்ணிலிருந்து 5 கழித்தது. அந்தப் பழைய ஐந்தை மட்டும் யாரும் விடவில்லை.

கோப்புகள் மாறுகின்றனவா என்று கண்காணிக்கும் ‘இனோடிஃபை’ வசதிக்கு ஒரு பயனருக்கு 8192 கண்காணிப்புகள் என்பது நீண்டகால வரம்பு. இன்றைய ஜாவாஸ்கிரிப்ட் திட்டம் ஒன்றில் அதைவிட அதிகமான அடைவுகள் சாதாரணமாக இருக்கும். வரம்பைத் தாண்டினால் வரும் செய்தி, வன்தட்டில் இடமில்லை என்பது. நூறு ஜிபி காலியாக இருக்கும். கெர்னலிடம் இருக்கும் பிழை எண்கள் கொஞ்சம்தான்; கண்காணிப்புப் பட்டியலில் இடமில்லை என்பதற்கும் அதே எண்ணைப் பயன்படுத்திவிட்டார்கள். எத்தனை பேர் இந்தச் செய்தியை நம்பிப் பழைய படங்களை அழித்திருப்பார்களோ. 5.11 பதிப்பில், 2021-இல், இருக்கும் நினைவகத்தைப் பார்த்துக் கெர்னலே வரம்பைக் கணக்கிடும்படி மாற்றினார்கள். சரியான திருத்தம் இந்த வகைதான்: ஊகத்தை வேறோர் ஊகத்தால் மாற்றாமல், எழும்போது அளந்து பார்ப்பது.

இயல்பு மதிப்பை நம்பிக் கெட்டவர்களைவிட, அதை மாற்றிக் கெட்டவர்கள் அதிகம் என்று எனக்கு ஓர் எண்ணம். சர்வர் மெதுவாக இருக்கிறது என்றால் இணையத்தில் எங்கோ கிடைத்த முப்பது வரிகளை அள்ளி ‘99’ போட்டு ஒட்டிவிடுவது பரவலான பழக்கம். அந்த முப்பதில் ‘டிசிபி_டிடபிள்யூ_ரீசைக்கிள்’ என்ற வரி பல ஆண்டுகள் தவறாமல் இருந்தது. இணைப்பு முடிந்ததும் டிசிபி அதை உடனே மறக்காது. வழிதவறி வரும் பழைய பாக்கெட்டுகளுக்காக லினக்ஸில் 60 நொடி காத்திருக்கும். பரபரப்பான சர்வரில் இப்படிக் காத்திருக்கும் இணைப்புகள் ஆயிரக்கணக்கில் தெரியும். பார்க்கப் பயமாக இருக்குமே தவிரப் பெரும்பாலும் தீங்கில்லை. ரீசைக்கிளை 1 ஆக்கினால் பட்டியல் சட்டென்று சுருங்கும். பார்த்தவருக்குத் திருப்தி.

விலை வேறிடத்தில் விழுந்தது. சீக்கிரம் மறப்பதற்குப் பதிலாகக் கெர்னல், ஒவ்வொரு வெளி முகவரியிலிருந்தும் கடைசியாக வந்த பாக்கெட்டின் நேரக்குறியை நினைவில் வைத்துக்கொண்டது. அதே முகவரியிலிருந்து அதைவிடப் பழைய நேரக்குறியோடு புது இணைப்பு கேட்டால், இது வழிதவறி வந்தது என்று முடிவுகட்டிப் பேசாமல் கைவிட்டுவிடும். ஒரு முகவரிக்குப் பின்னால் ஒரே கணினிதான் இருக்கிறது என்றால் சரி. ஒரே அலுவலகத்து வைஃபையில், ஒரே மொபைல் கம்பெனியின் நாட் கருவிக்குப் பின்னால், நூறு பேர் ஒரே முகவரியில் வருகிறார்கள். ஒவ்வொரு போனின் நேரக்குறியும் வேறு. பக்கத்து மேசைக்காரருக்குத் திறக்கும் தளம் உங்களுக்குத் திறக்காது. ஒரு நிமிடம் கழித்து உங்களுக்குத் திறக்கும், அவருக்குத் திறக்காது. சர்வர் அறையிலிருந்து சோதிக்கும் அட்மினுக்கு எப்போதும் திறக்கும். குறைந்த நேரக்குறி உள்ளவருக்குச் சர்வர் பதிலே சொல்லாததால், அவர் பக்கத்தில் வெறுமனே சுழன்றுகொண்டிருக்கும், பிழைச்செய்திகூடக் கிடையாது.

2017 பிப்ரவரியில் வந்த 4.10 பதிப்பு, பாதுகாப்புக்காக நேரக்குறிகளை இணைப்புக்கு இணைப்பு தாறுமாறாகத் தொடங்கச் செய்தது. அதோடு ஒற்றைக் கணினிக்குக்கூட ரீசைக்கிள் உதவாது என்றாகிவிட்டது. அதே ஆண்டு 4.12 பதிப்பில் அந்த எண்ணையே கெர்னலிலிருந்து எடுத்துவிட்டார்கள். ஒட்டிய வரிகளை யாரும் எடுக்கவில்லை. மேம்படுத்திய சர்வர்களில் ஒவ்வொரு முறை எழும்போதும், அப்படி ஒரு கோப்பு இல்லை என்ற வரி பதிவேட்டில் விழும். வரியின் தலையில் ஒரு கழித்தல் குறி போட்டால் சிஸ்டம்-டி அந்தத் தோல்வியைப் பொருட்படுத்தாது. பலர் வரியை நீக்காமல் குறியைப் போட்டுவிட்டுப் போகிறார்கள்.

இப்படி ஒரு சர்வர் உங்கள் கைக்கு வந்தால், ‘சிஸ்சிடிஎல்’ கட்டளையை ‘சிஸ்டம்’ என்ற விருப்பத்தோடு ஓட்டுங்கள்; எந்தக் கோப்பை எந்த வரிசையில் படித்தது, ஒவ்வொன்றிலும் எந்த எண்ணை வைத்தது என்று வரிவரியாகக் காட்டும். ஆனால் அது காட்டிவிட்டு நிற்காது, அத்தனை எண்களையும் அந்த இடத்திலேயே மறுபடி எழுதிவிடும். ஓடும் கெர்னலில் யாரோ கையால் மாற்றி வைத்திருந்த எண் இருந்தால் அதோடு போச்சு. ஆகவே அதற்கு முன், எல்லா எண்களையும் அச்சிடும் ‘ஏ’ விருப்பத்தை ஓட்டி, வருவதை ஒரு கோப்பில் சேமித்துவிடுங்கள். பிறகு இரண்டையும் ஒப்பிட்டால் தெரியும், எந்த எண் கோப்பிலிருந்து வந்தது, எந்த எண் ஒருவருடைய தலைக்குள் மட்டும் இருந்தது என்று.